மிளகாய்ப் புகை

காபி வேண்டாம், இன்ஸ்பெக்டர் சார். வெளியிடத்தில் கை நனைத்து எனக்குப் பழக்கமில்லை. நீங்கள் குடியுங்கள், நான் சொல்லிக்கொண்டே வருகிறேன்.

என் பெயர் கஸ்தூரிரங்கன். செங்கல்பட்டுக்குக் கிழக்கே எங்கள் ஊர்க் கோவில் மடப்பள்ளியில் பதினாறு வருஷமாகப் பெருமாளுக்குத் தளிகை சமைக்கிறவன். கல்யாணம் ஆகவில்லை. அக்கா கோமளத்தின் புருஷன் ராமானுஜம், மெட்ராஸில் ஒரு காலேஜில் விலங்கியல் வாத்தியார். இந்த ஐம்பத்து நாலாம் வருஷக் கோடை விடுமுறைக்கு இருவரும் என் வீட்டில் வந்து தங்கினார்கள். என்னைப் பார்க்க இல்லை; ஊருக்குப் பின்னால் குன்றில் இருக்கும் குகை வௌவாலைப் பார்க்க.

“ரங்கா, எலி மாதிரி நீட்டு வால்டா இதுக்கு. இதைப் பத்தி உலகத்துலே யாரும் நாலு பக்கம்கூட எழுதலை,” என்பார் அத்திம்பேர். நல்ல மனுஷர்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் நாலு பக்கம் எழுத அதில் என்ன இருக்கிறது? சப்பை மூஞ்சி, சுருங்கிய தோல், அழுகல் நாற்றம். குகைத் தரையில் எச்சம் முழங்கால் அளவுக்குக் கிடக்கும். அதில் புழுவும் கரப்பும் நெளியும். அதன்மேல் மார்பு படியப் படுத்து மணிக்கணக்கில் பார்த்துவிட்டு, நேரே வந்து என் பக்கத்து இலையில் உட்காருவார். நகக்கண்ணில் கறுப்பாக அது ஒட்டியிருக்கும். அந்த விரலால் மோர்சாதம் பிசைவார். குளித்துவிட்டு வாருங்கள் என்றால் சிரிப்பார். அக்காவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். பொறுத்தார் பூமியாள்வார் என்று இருந்தேன்.

ஆனி பிறந்த மூன்றாம் நாள், நான் கிணற்றடிக்குப் போயிருந்த நேரத்தில் மடப்பள்ளிக்குள் நுழைந்துவிட்டார். குளித்து மடி உடுத்தாமல் எங்களவர்களே அங்கே கால் வைக்கக் கூடாது. தாயிடமிருந்து விழுந்த குட்டி ஒன்று சூடு இல்லாமல் செத்துவிடுமாம். தளிகைப் பானையின் விளிம்பில், துணியில் கிடந்தது அது. ரோமமில்லாமல், தொப்புள்கொடி காயாமல். சாதத்தின்மேல் ஏதோ சொட்டியிருந்தது.

“ஒரே நிமிஷம்டா. பச்சைக் குழந்தை மாதிரின்னா இருக்கு,” என்றார்.

சாதத்தைக் கொண்டுபோய்க் கொட்டினேன். அன்று உச்சிவேளையில் பெருமாள் பட்டினி. யாரிடமும் வாய் திறக்கவில்லை. தெரிந்திருந்தால் என் கைங்கரியம் அன்றோடு போயிருக்கும். இன்னொரு தடவை அவர் நுழைந்தாலும் போகும்.

பெருமாள் தளிகையில் மிளகாய் சேர்ப்பதில்லை, மிளகுதான். ஆகவே செங்கல்பட்டுக் கடைத்தெருவுக்குப் போய் இரண்டு வீசை காய்ந்த மிளகாய் வாங்கிவந்தேன். வௌவாலை விரட்டப் புகை போடுவது எங்கள் பக்கத்தில் வழக்கந்தான். கூலிக்கு முனிசாமியைக் கூட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை காலை குன்றேறினேன். குகை வாயில் அத்திம்பேரின் செருப்பு இருந்தது. முனிசாமி பார்ப்பதற்குள் அதை ஒரு குச்சியால் புதருக்குள் தள்ளினேன். கையால் தொட மனம் வரவில்லை.

உள்ளே இருக்கும்போது யார் கூப்பிட்டாலும் அவர் பதில் சொல்ல மாட்டார். சத்தம் கேட்டால் தாய் வௌவால் குட்டியை உதறிவிட்டுப் பறந்துவிடும் என்பார். நான் முறைப்படி ஒரு தடவை கூப்பிட்டேன், முனிசாமியைக் கேட்டுக்கொள்ளுங்கள். பதில் வரவில்லை. வராது என்று எனக்குத் தெரியும்.

ஈர வைக்கோலில் மிளகாயைக் கொட்டிப் பற்றவைத்து, குகை வாயை ஓலைத் தட்டியால் அடைத்தோம்.

கொஞ்ச நேரத்தில் முனிசாமி, “சாமி, உள்ள ஆளு கீது. இருமிகினு கீறாரு,” என்றான். வௌவால் அப்படித்தான் கத்தும் என்றேன்.

“இன்னா சாமி, வௌவாலு ரங்கா ரங்கான்னு கூப்புடுமா?”

அவன் ஆள் கூட்டிவர ஓடினான். ஊர் ஒரு மைல். நான் மிச்ச மிளகாயையும் உள்ளே போட்டுவிட்டு, தட்டியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். உள்ளிருந்து தள்ளினார். ஓலை இடுக்கு வழியாக அவர் விரல் என் தோளில் பட்டது. அருவருப்பாக இருந்தது. விலகினால் தட்டி விழுந்துவிடும் என்பதால் பொறுத்துக்கொண்டேன். பிறகு அவர் தள்ளவில்லை.

உடம்பை இறக்கிக்கொண்டு வந்தார்கள். அக்கா அதன்மேல் விழுந்து, முகத்தோடு முகம் வைத்துக்கொண்டு கதறினாள். கூடப் பிறந்தவள், சார்; எனக்கு மனசு கேட்கவில்லை. எட்ட நின்றபடியே ஆறுதல் சொன்னேன்.

“அக்கா, மொதல்ல போய்த் தலைக்குக் குளிச்சுட்டு வா. அப்புறம் அழலாம்.”