பழசான பக்கம்

மகனுக்கு ஆபரேஷன் முடிந்த மறுநாள். மருத்துவமனை லிஃப்டுக்காக நின்றிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். ஒருத்தியின் கையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் புத்தகம்.

“உன் வீட்டுக்காரருக்கு இதையா படிச்சுக் காட்டுற? சாமி பாட்டு படிக்கலாம்ல?”

“அதுக்குத் தூங்கிடுறாருக்கா. பூன் லே ஃபேக்டரியில அவர் ரிப்பேர் பார்த்த கம்ப்யூட்டரைப் பத்தின புத்தகம்தானே இது. நேத்து நான் படிக்கிறப்ப கண்ணைத் திறந்து, ‘பழசு’ன்னார். ஸ்ட்ரோக் வந்தப்புறம் அவர் பேசின மொதல் வார்த்தை.”

“உன் பேரைச் சொல்லலையா?”

“இல்ல லா. நான் படிச்ச பக்கம் பழசாம்.”

“அப்ப புதுப் புத்தகம் வாங்கியிருக்கலாமே.”

“வேணாங்கா. இன்னைக்கும் அதே பக்கத்தைத்தான் படிக்கப்போறேன். எது சரின்னு அவரே சொல்லட்டும்.”