அப்பா பொடி

உக்காந்தா இருப்பு கொள்ளலண்ணா. நீங்க உக்காருங்க, எனக்கு வேணாம். உங்க பையனுக்கு இன்னா, கையா? மரத்துலேருந்தா வுழுந்தான்? அது கட்டுப் போட்டா கூடிக்கும், கவலப்படாதீங்க.

என் பொண்ணு உள்ள இருக்குது. பவுலின். நாலு வயசு. கார்த்தால எழுந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வாந்தி. எச்சி எச்சியா ஊத்துது, ஒடம்பு சில்லுனு ஆயிப்போச்சி. விவேக் நகர்லேருந்து ஜட்கா வண்டியில போட்டுக்கினு வந்தோம். டாக்டரு வெளிய வந்து வந்து, இன்னா சாப்ட்டா, இன்னா சாப்ட்டான்னு அதையே கேக்கறாரு. ஐஸ் புரூட்டுன்னு சொன்னேன். தெருவுல குச்சியில விக்கிறாங்கல்ல, அதான். என் சம்சாரம் லூர்து, கார்த்தால ஏது ஐஸ் புரூட்டுன்னு என் மூஞ்சியவே பாக்கறா. பேஜாரு.

சுத்தம் இல்லாம வளத்துட்டோம்னு நெனச்சிராதீங்க. லூர்து நாளெல்லாம் கத்துவா, கை கழுவுடி, காலு கழுவுடின்னு. காதுலயே வாங்காது. நான் ஒண்ணும் சொல்றதில்ல. மில்லுலேருந்து வந்து கொளாயில காலு கழுவுவேன், அதுவும் வந்து கழுவும். நான் காறிக் கொப்புளிச்சா அதுவும் அதே மாதிரி காறும், தெருவே சிரிக்கும். புள்ளைங்க சொன்னா எங்க கேக்குது? நாம செய்யறதத்தான் செய்யுது.

பல்லு வெளக்கத்தான் அழும். உமிக்கரியப் பாத்தாலே ஓடிரும். நான் பல்லுக்குப் பொடிதான் தேய்க்கிறது. மூக்குப்பொடிண்ணா. எங்கப்பா கொளாயாண்ட குந்திக்கினு தேய்ப்பாரு, பாத்துப் பாத்து எனக்கும் பழகிப்போச்சி. வுட முடியல. சரி, புள்ளைக்காக ஒரு வேல பண்ணேன். காலியான பொடி டப்பா ஒண்ணுல உமிக்கரிய ரொப்பி, இந்தா ஒனக்கும் ஒண்ணுன்னு குடுத்தேன். அவ்ளோதான். அன்னிலேருந்து அதுதான் என்னெ எழுப்பும். ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல குந்திக்கினு தேய்ப்போம். கான்வென்டுல பேபி கிளாஸ் சிஸ்டர், எல்லாருலயும் பவுலின் பல்லுதான் சுத்தம்னு மாதா படம் ஒண்ணு குடுத்தாங்க. மில்லு பூரா காட்டினேன்.

உக்காரச் சொல்லாதீங்கண்ணா.

ஆனா கேள்வி கேக்கும். அப்பா, உன்து ஏன் செவப்பு, என்து மட்டும் ஏன் கறுப்பு? எனக்கும் அப்பா பொடி குடு. தெனமும் இதே பாட்டு. போன ஞாயித்துக்கெழம பூசைக்கு நேரமாவுது, தொல்ல தாங்கல. ஒரே ஒரு சிட்டிகை, புள்ள வெரல்ல வெச்சேன். மூஞ்சியக் கோணிக்கினு துப்பிச்சி. நான் சிரிச்சேண்ணா. வயிறு வலிக்க சிரிச்சேன். லூர்துகிட்ட சொல்லல.

இன்னிக்கி எனக்குக் காலை ஷிப்டு. ஆறு மணிக்கு சைரன். புள்ள தூங்கிக்கினு இருந்துச்சி, எழுப்பாம கெளம்பிட்டேன். அவசரத்துல டப்பாவ மாடத்துலயே வுட்டுட்டேன். புள்ளையோட டப்பா பக்கத்துலயே. ஒம்போது மணி இருக்கும், பக்கத்து வூட்டு ஞானசேகரன் மில்லு கேட்டாண்ட வந்து, ஒடனே வான்னான். ஓடினா, லூர்து புள்ளைய மடியில போட்டுக்கினு அழுவறா. கொளாயாண்ட என் பொடி டப்பா மூடி தொறந்து கெடந்துச்சி. யாரும் பாக்கறதுக்குள்ள எடுத்து பாக்கெட்டுல போட்டுக்கினேன்.

இந்தா, இதான். நேத்து சாயந்திரம் வாங்கினது. தொறந்து பாருங்க. பாதிதான் இருக்குது.

உங்களத்தான் கூப்பிடறாங்க, போங்க. அண்ணா, அண்ணா, ஒரு நிமிசம். உள்ள அந்த டாக்டரு இருந்தா இத அவரு கையில குடுத்துடுங்க. ஐஸ் புரூட்டு இல்லியாம்னு மட்டும் சொல்லுங்க.

வேணாம். குடுங்க இப்பிடி. நானே வரேன். லூர்து கதவாண்டதான் நிக்கிறா. நீங்க கொஞ்சம் எனக்கு முன்னாடி நடங்க.