தஹாமின் ஒட்டகங்கள்

ராத்திரி மணி இரண்டு இருக்கும். சவூதியில் ஹுஃபூஃபுக்குக் கிழக்கே, கடல் பக்கம் போகும் மணல் ரோடு. விளக்கு இல்லை, வேறு வண்டி இல்லை... என் கூட்டாளி மிஷாரியின் மச்சான் தஹாம், தனியாகப் பிக்கப்பை ஓட்டிக்கொண்டு ஒட்டகப் பட்டிக்குப் போகிறான். டேய் நாயிஃப், கதை சொல்லும்போது இளிக்காதே. கேள்.

அதற்கு முந்தின மாதம் அவன் வாப்பா ஷல்லாஷுக்குக் கடும் சுரம், இருமல். ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, "வீட்ல ஒட்டகம் உண்டா?"

"இல்லீங்க" என்றான் தஹாம். பட்டி நிறைய நின்றன. உண்டு என்றால் அரசாங்க ஆட்கள் வந்து பட்டியை முடக்கிவிடுவார்கள், ஒட்டக அழகுப் போட்டிக்குப் போக முடியாது. பாவி, அழகுப் போட்டிக்காக!

டாக்டர் நம்பினார். அப்படியானால் ஒட்டகத்திடமிருந்து மனுஷனுக்குத் தொற்றுகிற ஒட்டகச் சுரமாக இருக்காது என்று கிழவரைத் தனி அறையில் வைக்காமல் பொது வார்டில் போட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் ஹுவைதி என்றொரு பெரியவர். சர்க்கரை, கெட்டுப்போன சிறுநீரகம், எழுபதைத் தாண்டிய வயது. அந்தச் சுரத்துக்கு வேறென்ன வேண்டும்? ஷல்லாஷ் தேறி வீட்டுக்கு வந்தார். ஹுவைதி மூச்சு முட்டிச் செத்தார். தஹாம் துக்கம் கேட்கக்கூடப் போகவில்லை. நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அந்த ரோட்டில்... ஓரமாக ஒரு ஆள். கை காட்டினார்.

"நிறுத்தாம போயிருக்கலாம்ல?" என்கிறான் நாயிஃப். நீ போவாய். பாலையில் நிற்கிறவனை விட்டுப் போகிறவன் மனுஷனா? ஏற்றிக்கொண்டான்.

ஸ்பிரிட் வாடை. இருமல்... சளி கட்டிய இருமல். முழங்கையில் பிளாஸ்திரி. அந்தக் கைக்குள்ளிருந்து மெல்லிய இரைச்சல்... ர்ர்ர்... டயாலிசிஸ் செய்கிறவர்களின் கை அப்படித்தான் இரையும். உயிரோடு இருக்கிறவரைக்கும்.

ஆள் திரும்பினார். ஹுவைதி.

"உண்மையச் சொல்லு மகனே. ஒட்டகம் உண்டா?"

 உண்டு என்றால் இங்கேயே கழுத்தை நெரித்துவிடுவாரோ என்று தஹாமுக்குப் பயம். செத்தவரிடமும் அதே பொய்தான் வந்தது.

"இல்ல, பெரியவரே."

"சரி" என்றார். இரைச்சல் நின்றது. பக்கத்துச் சீட் காலி.

பட்டிக்கு விரட்டினான். பூட்டு போட்டது போட்டபடி. உள்ளே ஒன்றுகூட இல்லை. மணலில் தடம் இல்லை... பிழுக்கை இல்லை... மூத்திர வாடைகூட இல்லை.

வீட்டுக்குப் பறந்து வந்து வாப்பாவை எழுப்பினான். ஒவ்வொரு ஒட்டகத்தையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுத் தடவிக்கொடுக்கிற மனிதர்.

"வாப்பா, ஒட்டகம் ஒண்ணையும் காணோம்."

கிழவர் தூக்கக் கலக்கத்தில் எழுந்து உட்கார்ந்தார்...

"நமக்கு எப்படா ஒட்டகம் இருந்துச்சு?"