நீந்தத் தெரியாதவர் கடலில் இறங்கிய நாள்

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, கணவரை இழந்த துயரத்திலும் நம்மோடு வந்து உட்கார்ந்திருக்கும் அண்ணி அவர்களே, படகுகளைக் கட்டிவிட்டு ஈர உடையோடு வந்திருக்கும் தோழர்களே, தாய்மார்களே! அனைவருக்கும் வணக்கம்.

நம் அண்ணனை இந்தத் துறைமுகம் ‘கரை மெக்கானிக்’ என்றுதான் அழைத்தது. ஏன் அந்தப் பெயர்? கட்டிப்போட்ட படகில் ஏறினாலே அவருக்குக் குமட்டும். நீந்தத் தெரியாது. இன்ஜினைக் கழற்றிக் கரைக்குக் கொண்டுவந்தால்தான் கைவைப்பார். நாம் கேலி செய்தோம். அவரும் சேர்ந்து சிரித்தார்.

அந்தப் புயலில் அவருடைய உயிர்க் கூட்டாளி நெட்டையண்ணனும், நெட்டையண்ணன் படகில் கூடப் போன இருவரும் காணாமல் போனார்கள். தேடப் போன கப்பல்கள் வெறுங்கையோடு திரும்பின. தேடலை நிறுத்திவிட்டார்கள். அன்று நம்மிடம் அன்பு இல்லையா? கரை முழுக்க அழுதது. நட்பு இல்லையா? நெட்டையண்ணன் வீட்டு வாசலில் உட்கார இடமில்லை. ஆனால் புயலில் உடையாமல், கடலுக்குப் போக மிச்சமிருந்தது ஒரே ஒரு பழைய படகு. அதன் இன்ஜின் நினைத்த இடத்தில் நின்றுவிடும். போனால் மெக்கானிக்கும் கூடவே வர வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். வாய்விட்டுக் கேட்க யாருக்கும் மனம் வரவில்லை.

அவர் படகுத்துறையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். போய்ப் போய்த் திரும்பினார். பிறகு, “படகை எடு” என்றார் என்னிடம்.

“உங்களுக்குப் பயமா இல்லையா?” என்று அண்ணி கேட்டார்.

“பயமாத்தான் இருக்கு. அதான் நிக்க மாட்டேங்கிறேன். இன்னும் கொஞ்சம் நின்னேன்னா போக மாட்டேன்.”

அண்ணி கருவிப் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார்.

படகை ஓட்டியவன் நான். உடன் வந்தவர் நெட்டையண்ணனின் தம்பி. நடுக்கடலில், யாரோ விட்டுப்போன வலை, படகைத் தள்ளும் அடி விசிறியில் சுற்றி இன்ஜின் நின்றுவிட்டது. தம்பி கத்தியோடு குதித்தார். அலை அவரைப் படகின் அடியில் மோதவைத்துத் தோள்மூட்டை விலக்கிவிட்டது. அடுத்து நான் சட்டையைக் கழற்றினேன். அண்ணன் தடுத்தார். “நீ இறங்கினா உன்னை இழுத்துப் போட என்னால ஆகாது. என்னை நீ ஒரு கையாலேயே தூக்கிடுவே.”

இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டார். வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு இறங்கினார். மூச்சு முட்டி மேலே வருவார், என் முகத்தைப் பார்ப்பார், மறுபடி மூழ்குவார். எத்தனை முறை என்று எனக்குத் தெரியாது. கடைசியில் கிழிந்த வலையோடு மேலே வந்தார்.

யாரைத் தேடுவது என்று அன்பு சொல்லும். வழித்துணையாக நட்பு வரும். ஆனால் நீந்தத் தெரியாத மனிதனைத் தண்ணீருக்குள் இறக்கியது துணிச்சல்தான், தோழர்களே! அது இல்லையென்றால் மற்ற இரண்டும் கரையிலேயே அழுதுகொண்டு நின்றிருக்கும்.

மறுநாள் விடிந்தபோது, கவிழ்ந்த படகின் மேல் இரண்டு பேரைக் கண்டோம். நெட்டையண்ணன் இதோ முன்வரிசையில் இருக்கிறார். மூன்றாமவர் எங்களுக்குக் கிடைக்கவில்லை. முந்தைய நாள் மாலைவரை அவர் உயிரோடு இருந்தாராம். ஊரே கொண்டாடியபோதும் நம் அண்ணன் சிரிக்கவில்லை. “கரையில நின்னுட்டேன்டா” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அதன் பிறகு அவருக்கு உட்காரப் பிடிக்கவில்லை. அந்தப் பழைய படகுக்குப் புது இன்ஜின் பொருத்தினார். தேடுவதற்கென்றே அதைத் தயாராக வைத்தார். தினமும் காலையில் ஓட்டிப் பார்ப்பார். இதயம் பழுதாகி ஆஸ்பத்திரியில் படுத்தபோதும், பார்க்கப் போன என்னை நலம் விசாரிக்க விடவில்லை. இன்ஜின் ஓடுகிறதா என்றுதான் கேட்டார்.

தோழர்களே, இந்தக் கூட்டத்துக்குள் நுழையும்போதே எனக்கு ஒரு செய்தி வந்தது. நேற்று திரும்ப வேண்டிய படகு ஒன்று இன்னும் வரவில்லை. இரங்கல் கூட்டத்தைப் பாதியில் விட்டுப் போவது முறையா? அண்ணியிடமே கேட்டேன். “மாலையை நாங்க போட்டுக்கறோம். நீங்க கிளம்புங்க” என்றார்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதி ஏற்க நாம் எழுந்து நிற்க வேண்டியதில்லை, நடந்தால் போதும். நான் போகிறேன். நெட்டையண்ணன் தம்பி வருகிறார். ஒரு மெக்கானிக் வேண்டும். யார் வருகிறீர்கள்?