முன்னே செத்து, பின்னே டூயட்

கலிஃபோர்னியாவில் மில்பிடாஸ் தோசைக் கடை வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு இளைஞர்கள். பகலில் ஐடி வேலை, மற்ற நேரத்தில் தமிழ் சினிமா வெப்சைட் என்று பேச்சில் தெரிந்தது.

“ஹீரோ முதல்ல சாகறான், அப்புறம் டூயட் பாடறான்னு ரிவ்யூல எழுதினியே, அது தப்பாம்டா.”

“புதுமையான திரைக்கதைன்னு பாராட்டியிருக்கேனே!”

“தியேட்டர்காரர் இப்பதான் போன் பண்ணார். நேத்து நம்ம ஷோல ரீலை மாத்தி ஓட்டிட்டாராம்.”

“ஐயையோ! உடனே ரிவ்யூவை டெலிட் பண்ணு. சென்னையில சரியான பிரிண்ட் பார்த்தவங்க சிரிப்பாங்க.”

“யாரு சிரிக்கப் போறா? சென்னை சைட் எல்லாத்திலயும் ரிவ்யூ வந்தாச்சு.”

“என்ன எழுதியிருக்காங்க?”

“ஹீரோ முதல்ல சாகறானாம், அப்புறம் டூயட் பாடறானாம். புதுமையான திரைக்கதையாம்.”

எழுதியவன் அதற்குப் பிறகு ரிவ்யூவை எடுக்கச் சொல்லவில்லை. ரெண்டு மசால் தோசை சொன்னான்.