ஒரு ஏக்கர் தூரம்

பெரம்பலூரிலிருந்து திருச்சி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். நரைத்த மீசைக்காரர் சிங்கப்பூரிலிருந்து வரும் மகளைக் கூப்பிடப் போகிறார். பச்சைத் துண்டுக்காரர் பெட்டி தூக்கக் கூடப் போகிறார்.

“சிங்கப்பூருக்கும் திருச்சிக்கும் ஒரு ஏக்கர் தூரம் மச்சான்,” என்றார் மீசைக்காரர்.

“ஏக்கரா? நாலு மணி நேரம்னுல்ல சொல்றாங்க.”

“அதான். போன தடவை பாப்பா பிளைட் ஏறுனதும் மோட்டாரப் போட்டேன். சோளக்கொல்லை ஒரு ஏக்கரும் பாய்ஞ்சு முடியவும், எறங்கிட்டேன்னு போன் பண்ணுச்சு. இன்னிக்கும் அது ஏறுனதும் ஒன் தங்கச்சி மோட்டாரப் போட்டுட்டா.”

“காத்து எதுத்து அடிச்சா பிளைட் லேட்டாகும்ல?”

“அன்னிக்கு கரண்டும் கம்மியாத்தான் வரும்.”

“நீ பேசுவ. பக்கத்துல என் சோளம் காயுது. மோட்டாரு காயில் கட்டப் போயி ஒரு வாரமாச்சு.”

சமயபுரம் டோல்கேட்டில் பஸ் நின்றபோது மீசைக்காரருக்கு வீட்டிலிருந்து போன் வந்தது.

“பாய்ஞ்சிருச்சா? அப்ப பாப்பா எறங்கிருச்சு. இரு, மோட்டார நிறுத்தாத. அது பெட்டிய எடுத்துட்டு வெளிய வரணும்ல. அதுவரைக்கும் தண்ணிய ஒங்கண்ணன் கொல்லைக்குத் திருப்பி விடு.”

பச்சைத் துண்டுக்காரர் அவர் பக்கம் திரும்பினார்.

“பாப்பாவுக்கு ஒரு போனப் போடு மச்சான்,” என்றார். “அவசரமே இல்ல, பெட்டி மெதுவாவே வரட்டும்னு சொல்லு.”