அணைக்கட்டு ரோட்டுக் காத்து

— மூணே செகண்டுங்க வாத்தியாரே. ஆயிரத்தி ஐநூறு மீட்டரை ஏழு நிமிசத்துக்குள்ள ஓடி வரோணும். ஏழு நிமிசம் மூணு செகண்டு. நெஞ்சுல ஒட்டுன நம்பரைக் கிழிச்சுட்டு, வெளிய போன்னுட்டாங்க.

— வாத்தியாருன்னு கூப்பிடாத, கலையரசா. கோச்சுன்னு சொல்லு. வேன்லயே எழுதியிருக்குது பாரு.

— ‘ஓட்டச் சிங்கம் கோச் வெங்கடாசலம்.’ படிச்சேனுங்க.

— உடு கண்ணு. தோல்விங்கறது ஒரு சயின்ஸ். அடுத்த வருசம்…

— அடுத்த வருசம் எனக்கு வயசு தாண்டிருமுங்க. போலீசு வேலைக்கு இதோட கதவு சாத்தியாச்சு. மறுக்கா ஆந்திராப் பக்கம் ரிக் வண்டிக்குத்தான் போவோணும், போர்வெல் போட. அந்தத் தூசியில இருந்து தப்பிக்கத்தானுங்க உங்ககிட்ட வந்தேன்.

— தப்பு உன்றது. மொத ரவுண்டை எப்படி ஓடுன?

— நீங்க சொன்னாப்லதானுங்க. ரவுண்டுக்கு நூறு செகண்டு. கெழக்கால போறப்ப ஒண்ணுந் தெரியலை. மேக்கால திரும்புனதும் ஆடிக்காத்து மூஞ்சிலயே அறைஞ்சுது. வாட்ச்சைப் பாத்தா நேரம் போயிட்டே இருக்குது. உட்டதைப் புடிக்கலாமுன்னு எதிர்காத்துலயே மூச்சையெல்லாம் கொட்டிட்டேன். ரெண்டாவது ரவுண்டுலயே தொடை கல்லாயிருச்சுங்க.

— காத்து எல்லாருக்கும் ஒண்ணுதான் கண்ணு.

— அப்பறம் எதுக்குங்க வைகாசியில இருந்து எங்களை ஒரே பக்கமா ஓட உட்டீங்க?

— என்ன ஒரே பக்கம்?

— தெனமும் காலையில வேன்ல கொண்டுபோயி ஜேடர்பாளையம் அணைக்கட்டுல எறக்கி உடுவீங்க. கெழக்க பாத்து ஓடி வருவோம். நீங்க ரோட்டோட மறுகோடியில சேரைப் போட்டு, டீயும் வாட்ச்சுமா உக்காந்திருப்பீங்க. ஒருநாளாச்சும் திரும்பி ஓடச் சொன்னீங்களா? வேன்லதானுங்க ஏத்திக்கிட்டுப் போனீங்க. ஆறேகால் நிமிசத்துல ஓடுனது நானில்லை. முதுகைத் தள்ளுன காத்து.

— திரும்பி ஓடுனா நேரம் கூடும். நேரம் கூடுனா ஃப்ளெக்ஸ்ல எதைப் போடறது?

— அந்த ஃப்ளெக்ஸ்ல நான் சிரிச்சுக்கிட்டு நிக்கறேனுங்க. எங்கம்மா தெனமும் அதைத் தொட்டுக் கும்புட்டுட்டுத்தான் மில்லுக்குப் போவுது. இன்னிக்கு ஊட்டுக்குப் போயி என்னன்னு சொல்லட்டும்?

— மனசுல ஒரம் பத்தலைன்னு சொல்லு. என்ற அக்கா மவன் தீனதயாளனைப் பாரு. நோஞ்சான். ஆறு நிமிசம் அம்பத்தெட்டுல வந்து தேறிட்டான். அவனுக்கு மட்டும் காத்து அடிக்கலையா?

— அதுதானுங்க எனக்கு வெளங்கலை. அணைக்கட்டு ரோட்டுல ஒருநாளும் என்னைய முந்தாதவன். மூணு ரவுண்டும் எனக்குப் பின்னாடியே வந்தான். அவன் மூச்சு என்ற கழுத்துல பட்டுச்சு. கடைசி முந்நூறு மீட்டர்ல பறந்துட்டான்.

— அதுக்குப் பேருதான் கண்ணு, கோச்சிங்.

— என்ன கோச்சிங்குங்க? காத்துன்னா என்னன்னே தெரியாத ஆளு நீங்க. ஒரு விசிலு, ஒரு தொப்பி, ஒரு ஃப்ளெக்ஸ். புதுசாச் சேர வாரவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டுத்தான் போவேன், ஓட்டச் சிங்கத்துக்குக் காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னுகூடத் தெரியாதுன்னு.

— டேய்! எனக்காடா தெரியாது? முப்பது வருச சர்வீசு! எதிர்காத்துல முன்னால போறவன்தான் அடி வாங்குவான். அவன் மறைவுல ஒட்டிக்கிட்டு வாரவன் மூச்சை மிச்சம் புடிச்சு வெச்சுக்குவான். அதுதான் சயின்ஸ். ‘மூணு ரவுண்டுக்கு கலையரசன் முதுகை உட்டு வெளிய வந்துராத’ன்னு தீனாகிட்டச் சொல்லி அனுப்புனதே நாந்தான்!

— …என்ற முதுகையாங்க?

— பின்ன? ரிக்குல ராடு தூக்கித் தூக்கிக் கதவாட்டம் அகலமான தோளு. நீ சேர வந்த அன்னிக்கு மேலயுங் கீழயும் பாத்துட்டு, உனக்கு மட்டும் பீசு வேண்டாமுன்னேனே, எதுக்குன்னு நெனச்ச?